சின்னவளின் ஆள்காட்டி விரல்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம், ஒரு விரலைத் தவிர. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா எப்படியும் போனில் போட்டுக்கொடுத்துவிடுவாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன், எக்ஸ்ரே அறையில் மயங்கி விழுந்தது நான்தான். பந்து பட்டு உன் தங்கையின் வலது கை ஆள்காட்டி விரல் எலும்பில் விரிசல். அவள் படத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் படம் எடுப்பவர் மேல் சாய்ந்ததில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்தது. டாக்டர் ஓடிவந்து, யாருக்குங்க அடி என்று கேட்டார்.

ஆபரேஷன்லாம் வேணாம், எலும்பு நகரல, குழந்தைங்களுக்குச் சீக்கிரம் கூடிடும் என்று சொல்லி, இடையில் பஞ்சு வைத்து நடுவிரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிவிட்டார். அதுவரை சரி. கட்டைப் பிரித்த பிறகுதான் என் கஷ்டகாலம் ஆரம்பம். எலும்பு கூடிடுச்சு, இனிமே அவளேதான் மடக்கி நீட்டணும், நீங்க பிடிச்சு வளைக்காதீங்க, உருவியும் விடாதீங்க என்று பிசியோதெரபி அம்மா கண்டிப்பாகச் சொன்னார். இவளோ விரலைக் கம்பம் மாதிரி நீட்டிக்கொண்டு திரிகிறாள். மடக்குடி என்றால் வலிக்குதுப்பா என்கிறாள். வலியா பயமா என்றால் ரெண்டும்தான் என்கிறாள். வீட்டுப்பாடம் எழுத மாட்டாள், தட்டு கழுவ மாட்டாள், ஆனால் அதே விரலை நீட்டித்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டளை போடுகிறாள். உன் அம்மா தைலப் புட்டியோடு சுற்றிச் சுற்றி வருகிறாள், அவளைத் தடுக்கவே எனக்குப் பாதி உயிர் போகிறது. வெந்நீரில் கையை விட்டு ஸ்பாஞ்சைப் பிழியச் சொன்னார்கள், பிழிந்ததெல்லாம் நான், கைதட்டியது அவள். செய்து காட்டிச் செய்து காட்டி இப்போது என் விரல்தான் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேனே தவிர, அந்த விரல் இப்படியே விறைத்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ராத்திரி எழுந்து எழுந்து அவள் கையைப் பார்த்துவிட்டு வருகிறேன். திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டும், அதற்குள் மடங்காவிட்டால் தினமும் வரச் சொல்வார்களாம், லீவுக்கு நான் மேனேஜரிடம் பல்லிளிக்க வேண்டும். நீ சொன்னால் கேட்பாள், போனில் ஒரு அதட்டல் போடு, வழக்கம்போல் செல்லம் கொஞ்சிவிடாதே.

நீயும் விளையாடப் போனால் கை பத்திரம். நோய்நொடி இல்லாமல் நல்லா இருடா கண்ணா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேச மறக்காதே, திட்டு எனக்குத்தான் விழும்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் யாரும் மதிக்காத
உன் அப்பா

பி.கு.: கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதே, அப்பா திருந்திவிட்டாரோ என்று நினைக்காதே. வீங்கிய விரலால் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டிருப்பவள் சின்னவள்தான். இப்போதுதான் பார்க்கிறேன், வலது கையால்.