ரயில் வந்து நின்ற வியாழக்கிழமை

இல்லை அம்மா, நேற்றும் சொல்லி முடிக்கவில்லை. போனேன். சொல்லத் தொடங்கினேன். முடிவுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இன்று காலை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த உன் இறால் கம்பெனிப் பையை எடுத்தேன். நீ போனதிலிருந்து யாரும் தொடாத பை. உள்ளே ரப்பர் கையுறை, சுருட்டிய தலைத்தொப்பி, மாஸ்க். துவைத்தாலும் போகாத அந்த வாடை மேலே வந்தது. இறாலும் குளோரின் தண்ணீரும் கலந்தது. எல்லா அம்மாக்களின் கையும் அப்படித்தான் மணக்கும் என்று பள்ளிக்கூடம் போகும்வரை நம்பியிருந்தேன்.

தூத்துக்குடிக்காரிதானே, முத்தைப் பற்றி எழுதேன் என்கிறார்கள். முத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். இறால் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் உன்னோடு கம்பெனிக்கு வந்து, ஐஸுக்குள் கைவிட்டுத் தலை கிள்ளி, விரல் மரத்துப்போய், வீட்டுக்கு வந்ததும் பேனா பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது தெரியும்.

அங்கேதான் உன்னை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். வீட்டில் நீ பேசுவது குறைவு. அங்கே நீள மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்க, நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவைத் திங்கட்கிழமை தொடங்குவாய். சனிக்கிழமை முடிப்பாய். எல்லாருக்கும் மாஸ்க், எல்லாருக்கும் தொப்பி. கண் மட்டும்தான் வெளியே. நீ கை வேலையைப் பார்க்காமல் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு சொல்வாய். இறால் அதுபாட்டுக்கு உரிந்துகொண்டிருக்கும்.

அந்த வாரத்துப் படத்தை நானும் உன்னோடு பார்த்திருந்தேன். கடைசியில் கதாநாயகி செத்துப்போவாள். நீ சொன்ன சனிக்கிழமையில் அவள் பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். ஆட்டோக்காரனுக்குக்கூட ஒரு நல்ல குணம் கொடுத்திருந்தாய்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்ன?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் படத்துக்காரன் கதை. சனிக்கிழமை நம்ம கதைளா."

"டிவில போட்டா தெரிஞ்சிராதா?"

தெரிந்தது. அந்த விடுமுறை முடியுமுன்னே டிவியில் போட்டார்கள். மறுநாள் கம்பெனி வேனில், உன் மேசையில் நிற்கும் ரோஸ்லின் அக்கா ஏறியதும் உன்மேல் பாய்வாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தியளா அநியாயத்த. விளம்பரம் போடணும்னு கடைசிய வெட்டிட்டானுவ. ஆட்டோவே வரல." வேன் முழுக்க டிவிக்காரனைத் திட்டியது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். உன் தோள் குலுங்கியதை வைத்துத்தான் தெரிந்தது.

பிறகு நான் திருநெல்வேலிக்குப் படிக்கப் போனேன். நல்ல முடிவு என்பது வாசகனுக்குக் கொடுக்கும் மிட்டாய் என்று வகுப்பில் பேசினேன். கைதட்டினார்கள். கதைகள் எழுதினேன். என் கதைகள் முடிவதில்லை, நின்றுவிடும். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

என் முதல் கதை ஒரு சிறுபத்திரிகையில் வந்தபோது கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாய். ஒரு பெண் வீட்டில் சண்டை போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். மழை. அவ்வளவுதான் கதை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாய். அங்கே வேறு ஒருவருடைய கவிதை இருந்தது.

"பொறவு?"

"அவ்வளவுதான்மா."

"அந்தப் பிள்ள வீடு போய்ச் சேந்துச்சா இல்லையா?"

"அது தெரியாது. அதான் கதை."

"எழுதுன ஒனக்கே தெரியாதா? பஸ்ல ஏத்தியாவது விட்டிருக்கலாம்லா. மழைல நிக்குதுல்லா பிள்ள."

சிரித்தேன். நண்பர்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போதும் அது சிரிப்பான விஷயம்தான்.

மரியபுஷ்பம் பெரியம்மாவுக்கு வருகிறேன். உன் மேசையில் உனக்கு எதிரே நின்றவள். பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்துக்காரி. அவள் மகன் சேவியர், போன வருஷம் இன்னும் இரண்டு பேரோடு ஒரு வள்ளத்தில் கடலுக்குப் போனான். காற்று. இன்ஜின் நின்றுபோனது. வேறொரு வள்ளத்துக்காரர்கள் இரண்டு பேரைத் தூக்கினார்கள். சேவியரைத் தூக்க அங்கே சேவியர் இல்லை. நாட்கணக்கில் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து நினைவுப் பூசை வைத்துவிடலாமா என்று கேட்டபோது, "என்ன அவசரம் சாமி" என்றாளாம். கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினாள். நீ வந்து என்னிடம் சொன்னாய்: "அவ கண்ணு இப்ப கதை கேக்கல. கதைக்குப் பின்னாடி யாரையோ பாக்குது."

அதிலிருந்து உன் கதைகளில் யாரும் காணாமல் போகவில்லை. கடல் வந்தால் அதை ஆறாக்கினாய். ஆறு வந்தால் பாலம் கட்டினாய்.

அப்புறம் அந்தப் படம் வந்தது. போஸ்டரில் ஒரு தாய் ரயில்வே ஸ்டேஷனில் நிற்பாள். பெரியம்மாவே கேட்டாள், அந்தப் படத்தைச் சொல்லு என்று. ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் மேட்னி பார்த்தோம். மகன் சண்டை போட்டுக்கொண்டு வடக்கே போகிறான். ஒருநாள், வருகிறேன் என்று போன் பண்ணுகிறான். தாய் ஸ்டேஷனில் போய் நிற்கிறாள். ரயில் வருகிறது. ஆட்கள் இறங்குகிறார்கள். நடைமேடை காலியாகிறது. கடைசியாக முகம் தெரியாத ஒரு பையன் இறங்கி வருகிறான். அவன் கையில் மகனுடைய பை. தாய் ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொள்கிறாள். படம் முடிகிறது.

நானும் இப்படி ஒரு முடிவு எழுதவேண்டும் என்று நினைத்தேன். நீ அழவில்லை. வெளியே வந்து செருப்பை உதறிக்கொண்டே சொன்னாய்: "பையக் கொண்டாந்த பையன் பாவம்லா. அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம் அந்தப் பொம்பள."

பஸ்ஸில் சண்டை போட்டோம். நினைவிருக்கிறதா? முன்னால் உப்பு லாரி, பஸ் ஊர்ந்தது.

"இந்தப் படத்தச் சொல்லாதம்மா. வேற சொல்லு."

"கேட்டுட்டா. சொல்லலன்னா ஏன் சொல்லலன்னு கேப்பா. அதுவே அவளுக்கு முடிவு தெரிஞ்ச மாதிரி ஆயிரும்."

"அப்போ உள்ளத உள்ளபடி சொல்லு. மகன் வந்துட்டான்னு சொன்னா அவ இன்னும் கரைல போய் நிப்பா. அது அவளுக்கு நீ செய்ற நல்லதா?"

"செத்துட்டான்னு நான் சொல்லவா? எவனும் சொல்லல. கடலும் சொல்லல. நான் சொல்லவா?"

"பின்ன என்னதான் சொல்லுவ?"

"சனிக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கு. கண்ணப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

திங்கட்கிழமை தொடங்கினாய். வியாழக்கிழமை ரயில் வந்து நிற்கும் இடத்தில் வேலை முடிந்தது. கதை உன் கணக்குக்கு மீறி ஒரு நாள் முந்திப் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னாய். நாளைக்கு அந்த ரயிலை எப்படியாவது ஒரு நாள் நிறுத்தி வைக்கவேண்டும் என்றாய். வெள்ளிக்கிழமை விடியும்போது நெஞ்சு அடைக்கிறது என்றாய். ஆட்டோ வந்தது. நல்ல ஆட்டோக்காரர்தான். சிக்னலில்கூட நிற்கவில்லை.

நீ திரும்பி வரவில்லை.

அந்த வாரம் முடியவில்லை.

உன் அடக்கத்துக்கு மேசையே வந்தது. மாஸ்க் இல்லாமல் ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கிட்டே வந்து கண்ணைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. சில வாரம் கழித்துப் பெரியம்மா தனியாக வந்தாள். மடியில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. சுவரில் மாட்டிய உன் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"ஒங்கம்மா வியாழக்கிழமை வரைக்கும் சொன்னா தாயி. ரயிலு வந்து நிக்கி. பொறவு?"

வந்து சொல்கிறேன் என்றேன்.

"மெதுவா வா. நான் எங்க போவப் போறேன். அங்கனதான் கிடப்பேன்."

ரோஸ்லின் அக்கா போன் பண்ணினாள். மேசையில் எல்லாருக்கும் இப்போது முடிவு தெரியும். அவள் மகள் செல்போனில் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். ஆனால் யாரும் பெரியம்மாவிடம் வாய் திறப்பதில்லை. கேட்டால், நாங்க பாக்கலியே என்கிறார்கள். "ஒங்கம்மா ஆரம்பிச்சா. நீதான் முடிக்கணும். நீ படிச்சவ, கதை எழுதுதவ. ஒனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியவில்லை அக்கா என்றேன். அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு இன்னொன்று சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் அந்தப் படம்.

பாதி நம்பிக்கையோடு நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். மகன் அடுத்த ரயிலில் வருகிறான். அடித்தேன். பையைக் கொண்டுவந்தவனைத் தாய் மகனாக்கிக்கொள்கிறாள். அடித்தேன், இதைவிடப் பெரிய பொய் கிடையாது. உள்ளது உள்ளபடி எழுதினேன். தாய் பையை வாங்கிக்கொள்கிறாள். எவ்வளவு நல்ல வாக்கியம். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் வாய் எனக்கு இல்லை. திறந்த முடிவு என்று வகுப்பில் எதைச் சொன்னேனோ, அதற்குள்தான் அவள் ஒரு வருஷமாகக் குடியிருக்கிறாள். தினமும் வாசல் பெருக்குகிறாள், சோறு வடிக்கிறாள், கரையில் போய் நிற்கிறாள். அதில் அழகு ஒன்றும் இல்லை.

நேற்று சனிக்கிழமை. போனேன்.

அவள் வீட்டில் கடுங்காப்பி கொடுத்தாள். தரையில் எனக்கு எதிரே, நீ சொல்லும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பாளே, அந்தத் தூரத்தில் உட்கார்ந்தாள். உனக்குக் கண் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு முழு முகமும் தெரிந்தது. உதடு, பல்லிடுக்கு, தாடையில் சின்ன நடுக்கம். எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை.

"ரயில் வந்து நிக்கிது பெரியம்மா."

"ஆமா."

"ஆளுங்க இறங்குறாங்க."

"யாரு யாரு?"

படத்தில் அது வெறும் கூட்டம். யாருக்கும் முகம் கிடையாது. நான் ஒரு மிலிட்டரிக்காரரை இறக்கினேன். பெரிய டிரங்குப் பெட்டி. ஒரு பெண், இடுப்பில் குழந்தை.

"குழந்தைக்கு என்ன வயசிருக்கும்?"

"ஒண்ணு ஒண்ணரை."

"தூங்குதா?"

"தூங்குது."

பலாப்பழம் தூக்கிய இரண்டு பேர். காலேஜ் பிள்ளைகள். ஒரு கிழவர், அவர் இறங்கச் சிரமப்பட்டார், நான்கு பேர் பிடித்துவிட்டார்கள். பெரியம்மா ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டாள். செருப்பு போட்டிருக்கிறாரா, கூப்பிட யாராவது வந்திருக்கிறார்களா. நான் எல்லாருக்கும் ஆள் அனுப்பினேன். ஒருவரையும் தனியாக விடவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு ரயில்பெட்டி நிறைய. மேளம் அடிப்பவர்கள். கூடையில் கோழி வைத்திருந்த ஒருவர். கோழி ஒன்று தப்பி நடைமேடையில் ஓடியபோது அவள் சத்தமாகச் சிரித்தாள்.

"எம்மாடி. ஒரு ரயிலுல இம்புட்டுப் பேரா?"

"பெரிய ரயில் பெரியம்மா."

"பெருசாத்தான் இருக்கணும். வடக்க இருந்துல்லா வருது."

நிறுத்தினால் நடைமேடை காலியாகிவிடும். நிறுத்தவில்லை. வெளியே வெயில் இறங்கியது. வலைக்காரர்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். அப்படியே நின்றபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு ஒனக்கு. இன்னும் இறங்குறாங்களோ?"

"இறங்குறாங்க."

"இறங்கட்டும். இடிச்சுக்காம மெதுவா இறங்கட்டும்."

அவளுக்குத் தெரியுமா, அம்மா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். தெரிந்துதான் கேட்டாளா? தெரிந்தவள் குழந்தையின் வயசைக் கேட்பாளா? நீ இருந்தால் அந்தக் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பாய். அல்லது நீயும் சொல்லியிருக்கமாட்டாய். அந்தச் சனிக்கிழமைக்கு நீ என்ன வைத்திருந்தாய் என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஒன்றுமே வைத்திருக்கவில்லையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பு. எழுத உட்கார்ந்தால் இப்போது அவள் நிற்கிறாள். நின்றுகொண்டு, பொறவு, என்கிறாள். என்னிடம் ஒன்றுமில்லை. சொல்லி முடிக்காத ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்குப் படம். ரோஸ்லின் அக்காவுக்குப் போன் பண்ணினேன். தருவைகுளத்தில் கரன்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். விளம்பரத்துக்காகக் கடைசியை வெட்டுவார்களா என்றும் கேட்டேன். "நீயாளா இதக் கேக்க?" என்றாள்.

உன் பையிலிருந்து கையுறையை எடுத்து ஜன்னல் கம்பியில் காயப் போட்டேன். பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தேன். வீட்டைப் பூட்டினேன். பழைய பஸ் ஸ்டாண்டில் தருவைகுளம் பஸ் நின்றிருந்தது. படம் தொடங்குமுன் பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன்.