ஜனவரியில் நின்ற கணினி

செப்டம்பர் 3, 2008, புதன்
இன்றும் கறுப்புத் திரைதான். கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் உப்புக்காற்றில் என் மனைவி அமிர்தவல்லியின் பழைய கணினி செத்தபோது, அதில் இருந்ததையெல்லாம் அப்படியே என் புதுக் கணினிக்குள் இன்னொரு கணினியாக வைத்துக் கொடுத்தேன். வர்ச்சுவல் மெஷின். அவள் பழகிய தமிழ்த் தட்டச்சு அதில்தான் ஓடும். மே வரை, உடம்பு முடியாதபோதும், மானசாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதினாள். “ஏழாம் மாசம் பிரசவத்துக்குப் பொண்ணு வந்ததும் பிரிண்ட் போட்டுக் குடுங்க. நடுவுல நீங்க படிக்கக் கூடாது.” படிக்கவில்லை. ஜூனில் போய்விட்டாள்.

மானசா 21ஆம் தேதி வருகிறாள். பிரிண்ட் எடுக்கப் போனால் அந்த உள்கணினி திறக்க மாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 5
மெமரியைக் கூட்டினேன். இல்லை. சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இல்லை. சனியன்.

செப்டம்பர் 6
ஓடிவிட்டது! ஆபீசில் சோதனை மெஷின் மக்கர் பண்ணினால் செய்வதையே செய்தேன். ஜனவரியில் அதன் நிலைமையை அப்படியே பதிவுசெய்து ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்திருந்தேன், அந்த நாளின் நிலைமைக்குத் திருப்பினேன். திரையில் ஏதோ கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

செப்டம்பர் 7
ஒரே ஒரு கடிதம்தான் இருக்கிறது. அதுவும் பாதி. மிச்சமெல்லாம் எங்கே?

செப்டம்பர் 8
ஆபீசில் எல்லப்பனிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருபது வருஷம். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இன்னா சார் பண்ணி வச்சிகீறீங்க? திருப்பினா அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் பூடும் சார். அதான் அது கேட்டுகீது.”

“முதல்ல ஏன் ஓடலை?”

“டிஸ்க்கு ரொம்பிகீது. அதுல கீற ரெண்டு சினிமாவ அழிச்சிருந்தா ஓடியிருக்கும்.”

ரெண்டு சினிமா. நான் பார்க்கக்கூடச் செய்யாத ரெண்டு சினிமா.

செப்டம்பர் 9
லீவு. சாப்பிடப் பிடிக்கவில்லை. ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாளே, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு. நான் ஒரே நிமிஷத்தில்— படுபாவி, படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதாடா அந்தக் கேள்வியை?

செப்டம்பர் 12
தடையை மீறி, இருக்கும் பாதிக் கடிதத்தைப் படித்தேன். கடைசி வரி: “உங்கப்பா எதையாவது சரிபண்ண உட்கார்ந்தா குறுக்கே பேசாதே. அவர்”

அவ்வளவுதான். ஞாபகம் வந்துவிட்டது. அன்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே, ஸ்நாப்ஷாட் எடுக்க, “ஒரு நிமிஷம் கையை எடு” என்றேன். எடுத்துவிட்டாள். என்னைப் பற்றி என்ன எழுத இருந்தாள்? இனி யாரிடம் கேட்பேன்?

செப்டம்பர் 14
போனில் மானசாவிடம் சொல்லிவிட்டேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா” என்று அழுதாள். கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 21
மானசா காலையில் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே அம்மா உட்கார்ந்த நாற்காலிக்குப் போனாள். திரையில் கடிதத்தைப் படித்து, கடைசி வரியில் சிரித்தாள். உடனே அழுதாள். நான் கதவருகே நின்றிருந்தேன்.

“ஏம்பா, இதுல ஜனவரின்னு காட்டுது?”

உள்ளே இருக்கும் கடிகாரம் அந்த நாளிலேயே இருக்கிறது. ஒரு டிக் போட்டால் வெளிக்கணினியின் தேதியை எடுத்துக்கொள்ளும்.

“இரு, சரிபண்ணிடறேன்” என்று மவுஸுக்குக் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்பா. இதுல அம்மா இன்னும் எழுதிக்கிட்டிருக்காங்க.”

கையை எடுத்துவிட்டேன்.