ஆற்றுக்கு ஆறு

ஜூன் 3
சோயாவைப் புளிக்கவைத்த தெம்பே வறுத்தேன். விற்றேன். கட்சிக்காரர் ஹெந்தார்தோ மறுபடி வந்தார். மாவட்ட சபைத் தேர்தலில் கட்சிப் பட்டியலில் மூன்று பேருக்கு ஒரு பெண் இருந்தாக வேண்டுமாம். கடைசியான ஆறாவது இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

"பேரை மட்டும் குடுங்க துமிராம்மா. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

சரி என்றேன். மணல் லாரிகளை நிறுத்தச் சொல்லி யாராவது சபையில் பேச வேண்டும். என் வீட்டுக்காரர் மர்சூடி ஆற்றில் குளிக்கப் போய், மணல் அள்ளிய குழியில் மூழ்கிப் போனார். அதன்பிறகு எதுவுமே உறைக்கவில்லை. மிளகாய் கூட.

நவம்பர் 20
ஹெந்தார்தோ விளக்கினார். மொத்த ஓட்டைப் பார்த்துக் கட்சிக்கு இடம் தருவார்களாம். அந்த இடம், கட்சிக்குள் யார் பெயருக்கு அதிக ஓட்டு விழுந்ததோ அவருக்கு. பட்டியலில் முதலா கடைசியா என்பது கணக்கில்லை.

"அப்ப நானும் ஜெயிக்கலாமா?"

"ஆசைப்படறதுக்கு வரியா போட்டிருக்கு?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 2
பக்கத்து வீட்டு வாகியெம்தான் கோஷம் கண்டுபிடித்தாள்: "ஆத்துக்கு ஆறு." எங்கள் ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் படம் கிடையாது, பெயர்தான்; முத்திரைக்குப் பதில் ஆணியால் துளை குத்த வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய. அதனால் எண்ணைச் சொல்கிறோம். வீடு வீடாக நானும் சொல்கிறேன்.

"ஆணியை எடுத்து ஆறுல ஒரே குத்து. நீங்க நிம்மதியா தூங்குங்கக்கா" என்கிறாள்.

ஏப்ரல் 8
ஓட்டுப் போட்டேன். சீட்டு மேசைவிரிப்பு அளவு. அதை மடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏப்ரல் 9
எங்கள் ஊரில் எனக்கு ஒன்பது ஓட்டு. தெம்பே மிஞ்சிவிட்டது.

ஏப்ரல் 15
வாகியெம் கொதித்துப்போய் வந்தாள். "எண்ணினவங்க திருடிட்டாங்கக்கா. என் கையால குத்தினேன்."

"எங்க குத்தினே?"

"மேலயே பெருசா ஆறுன்னு போட்டிருந்துச்சே, அதுலதான். எல்லாரும் அங்கதான் குத்தினோம்."

மேலே பெரிதாக இருப்பது கட்சியின் எண். எங்கள் கட்சி பதினொன்று. பதினொன்றாம் கட்டத்துக்குள் ஆறாவது வரி நான். ஊர் முழுக்க ஆறாம் கட்சியைக் குத்தியிருக்கிறது. அதில் முதல் பெயர் சுரோயோ, மணல் லாரிகளின் முதலாளி.

ஆறு ஆறுன்னு வாய் வலிக்கச் சொன்னேனே— பதினொண்ணுன்னு ஒரு தடவ சொன்னேனா? சொல்லல. எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?

வாகியெமிடம் ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

மே 1
கடைசி இடம் ஆறாம் கட்சிக்கு. அந்தக் கட்சிக்குள் பெயருக்கு அதிக ஓட்டு வாங்கியவர் சுரோயோ; சபைக்குப் போவது அவர்தான். எங்கள் ஊர் ஓட்டு இல்லையென்றால் கிடைத்திருக்காது என்றார் ஹெந்தார்தோ. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 12
ஊருக்கு நன்றி சொல்ல சுரோயோ விருந்து வைத்தார். போகாவிட்டால் தோற்ற வயிற்றெரிச்சல் என்பார்கள். போனேன். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் கோழி. பாயில் உட்கார்ந்தோம்.

"இந்த ஊர் என்னைக் கைவிடல" என்றார். நல்ல குரல். "ரோட்டை அகலமாக்கித் தரேன். லாரி திரும்பக் கஷ்டப்படுது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாகியெம் என் காதருகே குனிந்தாள். "இந்தாளுக்கு நாம எங்கக்கா போட்டோம்?"

இன்னும் எத்தனை நாள் மறைப்பது? கட்சி எண் எது, என் எண் எது என்று மெல்லச் சொன்னேன். கவளம் அவள் கையிலேயே நின்றது.

"அப்ப மர்சூடி அண்ணனை விழுங்குன குழிக்கு நானே ஓட்டுப் போட்டிருக்கேனாக்கா?"

சுரோயோ எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "சாப்பிடு."