அனலிக்கு விழுந்த பகடை

எடிசன், நியூஜெர்சி
8.6.2003

என் பிரியமுள்ள தேவிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அம்மா ஃபோனில் சொன்னாள். நல்லபடியாக முடிந்ததா? இமெயிலில் கேட்கலாம் என்றால் நீதான் பிரவுசிங் சென்டர் வாசலையே மிதிக்க மாட்டாயே.

ஒரு பெரிய சேதி. காலேஜில் பகடை உருட்டி, கதைப் பாத்திரங்களாக நாம் ஆடினோமே, அந்த மாயாஜால ஆட்டத்துக்குப் புத்தகம் போடுகிற சின்ன கம்பெனியில் எடிட்டிங் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அடுத்த வருஷம் வரப்போகும் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறார்கள். மொத்தம் ஐந்து. இரண்டு, புது விதிகள். மூன்று, பழைய உலகங்களை மறுபடி உயிர்ப்பித்து எழுதுவது. அந்த மூன்றில் ஒன்று வறள்கடல். நம் வறள்கடல்தான், தேவி! என் சிவராம் அண்ணா 95-இல் இங்கே ஒரு குட்டிப் பத்திரிகையில் பதினாறு பக்கம் போட்டானே, அதைப் படித்தவர்கள் இன்னும் "பாக்கி எங்கே?" என்று கேட்கிறார்களாம்.

இப்போது நூற்றறுபது பக்கம் வேண்டும். வரைபடம் எல்லாம் உன்னிடம். நவம்பருக்குள் முடித்தால் என்னை நிரந்தரமாக்குவார்கள். முதல் அத்தியாயம் எழுதிவிட்டேன், முழுக்க நான் ஆடிய அனலிதான். வற்றிய கடலின் முதல் வாசலில் ஏழு பேரைத் தனியாக வென்றவள். அவளை வைத்துத்தான் மொத்தப் புத்தகமும் நிற்கிறது.

சீக்கிரம் அனுப்படி.

உன்
ராஜி


செல்லூர், மதுரை
29.6.2003

ராஜி,

மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. சமையலறை மூலையில் இருக்கிற ஒட்டடையும் தெரிகிறது, அதுதான் சங்கடம். எனக்கு ஒத்தக்கடை பாலிடெக்னிக்கில் அதே கணக்குப் பாடம், அதே பஸ்.

வரைபடங்கள் பரணில் கொலுப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன். "நம் வறள்கடல்" என்கிறாய். அந்தப் பதினாறு பக்கத்தில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. கடல் ஏன் வற்றியது, மணலில் நிற்கும் கப்பல்களில் யார் குடியிருக்கிறார்கள், வாசல்களை யார் பூட்டினார்கள், எல்லாம் நான் உட்கார்ந்து யோசித்தது. நீயும் சின்னத்தாயும் சனிக்கிழமை வருவீர்கள், பஜ்ஜி தின்பீர்கள், ஆளுக்கொரு வீராங்கனையாக அந்த உலகத்துக்குள் சுற்றுவீர்கள். உலகத்தை நடத்தியவள் நான்.

எட்டு வருஷமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அட்டையில் என் பெயர் வர வேண்டும். வரும் என்று எழுதிக் கொடு, மறுநாளே அனுப்புகிறேன்.

தேவிகா


எடிசன்
20.7.2003

தேவி,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க என்னவோ போல் இருந்தது. அண்ணா செய்த வேலை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பத்திரிகை கைக்கு வந்தபோது நானும் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மன்னித்துக்கொள்.

முதலாளியிடம் பேசிவிட்டேன். அட்டையில் இரண்டு பெயர், உன் பெயர் முதலில். ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது, மூன்று இடத்தில் கையெழுத்துப் போடு. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை? நான் கோபித்துக்கொள்வேன் என்றா?

ராஜி


செல்லூர்
17.8.2003

அன்பு ராஜிக்கு,

கையெழுத்துப் போட்டு, வரைபடம் முப்பத்தொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து இன்று பார்சல் போட்டாகிவிட்டது. ஜெராக்ஸ் கடை வெள்ளைத்துரை படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த ஜில்லாக்கா இது? ரிங் ரோடு எதுவும் போகுதா?" என்றான். இன்னும் போடவில்லை என்றேன்.

அந்த மகராசன் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டான். "பின்னாடியும் எழுத்து இருக்குல்லக்கா, விட்டா வைவீக." அவை ஆட்டம் நடத்த நான் எழுதிக்கொண்ட குறிப்புகள். பக்கத்தில் உட்கார்ந்து நீ எட்டிப் பார்ப்பாய் என்றுதான் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். உனக்கு ஒன்றும் விளங்காது, தூக்கிப் போடு. புத்தகத்துக்கு வேண்டியதை நானே தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

சின்னத்தாயை டி. கல்லுப்பட்டி பஸ்ஸில் பார்த்தேன். "எனக்குத் தாரேன்னு சொன்ன ஒட்டகத்த கடைசி வரைக்கும் தரலயே, அம்புட்டுத்தானா?" என்கிறாள். புத்தகத்தில் ஓர் ஒட்டகம் சேர்த்துவிடு.

உன்
தேவி


எடிசன்
5.10.2003

தேவிகாவுக்கு,

பார்சல் வந்தது.

மூன்று வீடு தள்ளி பத்மாசினி என்று ஒருத்தி இருக்கிறாள். மகால் பக்கத்துப் பெண், உங்கள் சௌராஷ்டிரக்காரி. உனக்கு எழுதுகிற வேலை மிச்சமாகட்டும் என்று பின்பக்கங்களை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். காபி குடித்துக்கொண்டே படித்துத் தமிழில் சொன்னாள். முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் நிறுத்திவிட்டாள். நான்தான் விடாமல் படிக்கச் சொன்னேன்.

"முதல் வாசல். மூன்று பகடையும் சேர்ந்து அனலிக்கு மூன்றுதான் விழுந்தது. பதினெட்டு என்று சொன்னேன்."

"ராஜி தோற்றால் அடுத்த வாரம் வரமாட்டாள். சாகவிடாதே."

இப்படிப் பதினான்கு இடம். பகடையை எல்லாம் நீதான் அட்லஸை நிறுத்தி வைத்து அதன் பின்னால் உருட்டுவாய். விழுந்த எண்ணை நீ சொல்வாய், நாங்கள் நம்புவோம். இரண்டு வருஷம் நான் ஜெயித்தேன் என்று குதித்திருக்கிறேன். நீ உள்ளே சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அதிகம் பழகாத ஒருத்தி முன்னால் எனக்கு முகம் எரிந்தது.

அனலியை வைத்து நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அவளோ முதல் நாளே செத்திருக்க வேண்டியவள். ஏன் இப்படிச் செய்தாய்?

ராஜஸ்ரீ


செல்லூர்
26.10.2003

ராஜி,

அந்தப் பெண் முன்னால் உனக்கு அப்படி ஆனதற்கு வெட்கப்படுகிறேன். உலகத்தின் அந்தக் கோடியில் சௌராஷ்டிரம் படிக்க ஆள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏன் என்று கேட்டாய். விதிப்புத்தகம் உன்னுடையது. சீட்டாட்டத்தில் தோற்று நீ மூன்று நாள் எங்களோடு பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும். நீ கோபித்துக்கொண்டால் புத்தகமும் உன்னோடு போய்விடும். அப்போது வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பாடத் தெரியுமா, தறிக்கு நூல் சுற்றத் தெரியுமா என்று கேட்டார்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம்தான் நான் சொன்னபடி ஏதாவது நடந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அதனால் பொய் சொன்னேன்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. பிறகு அனலியை எனக்கும் பிடித்துப்போனது. உன்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்கவில்லை, சத்தியம். தப்பு என்னுடையது. அதற்காகப் புத்தகத்தை நிறுத்திவிடாதே.

தேவி


செல்லூர்
2.2.2004

ராஜி,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. தபால்காரர் எங்கள் சந்தில் திரும்பும்போதே "இல்லம்மா" என்று கையை ஆட்டிவிடுகிறார்.

அட்டையில் என் பெயர் வேண்டாம். எடுத்துவிடு. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அனுப்பு, போடுகிறேன். வறள்கடலை நீயே வைத்துக்கொள். இரண்டு வரி எழுதினால் போதும், திட்டியாவது எழுது.

தேவி


எடிசன்
30.5.2004

தேவிகாவுக்கு,

புத்தகம் வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைனிங் டேபிளில் உட்கார்ந்து முதல் வாசல் சண்டையை மறுபடி ஆடிப் பார்த்தேன். எதிரே ஏழு பேர். பகடையை நானே உருட்டினேன், மறைக்க யாரும் இல்லை. இரண்டாவது சுற்றில் அனலி செத்தாள். இன்னொரு தரம் ஆடலாமா என்று கை துறுதுறுத்தது. ஆடவில்லை.

நாற்பது பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வாசலில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், அதற்குப் பிறகு உன் உலகம் அதுபாட்டுக்கு நடக்கிறது. இதற்கு மார்ச் ஆகிவிட்டது. "கதாநாயகியைக் கொன்றால் யார் வாங்குவார்கள்?" என்று முதலாளி குதித்தார். செத்தவள் செத்தவள்தான் என்றேன். என்னை நிரந்தரமாக்கவில்லை.

அட்டையில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயர் உள்ளே, திருத்தியவர் என்று. இனிமேல் நமக்குள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ராஜஸ்ரீ


செல்லூர்
27.6.2004

ராஜி,

புத்தகம் வந்தது. இவர் என் பெயரை எழுத்துக்கூட்டி மூன்று தரம் படித்துவிட்டு, அது நான்தானா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, போ. இதற்காக உன் வேலை நிரந்தரமாகாமல் போனதை நினைத்தால் சந்தோஷப்படவும் முடியவில்லை.

என்ன எழுதிக்கொள்ள என்று கேட்டாய். புத்தகத்தில் இருக்கிற ஒரு விதியை நீ ஆடிப் பார்த்ததே இல்லை. ஆடுகிறவளின் ஆள் செத்துப்போனால் அவள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதே இடத்தில் உட்கார்ந்து புது ஆளை உண்டாக்கலாம். சின்னத்தாய் நான்கு தரம் உண்டாக்கினாள். உன்னை அந்தப் பக்கத்துக்குப் போகவே நான் விடவில்லை.

ஆளின் ஆறு குணத்துக்கும் மூன்று பகடையை ஆறு தரம் உருட்ட வேண்டும். விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். உன் வீட்டிலேயே உருட்டு. இனி பகடை உன் கையில்தான் இருக்கும். என்ன விழுந்தது, ஆளுக்குப் பெயர் என்ன, எழுதி அனுப்பு.

தேவி


எடிசன்
1.8.2004

தேவி,

பலம் ஆறு. சுறுசுறுப்பு பதினொன்று. உடம்பு எட்டு. அறிவு ஒன்பது. விவேகம் ஐந்து. பேச்சுச் சாமர்த்தியம் பதினான்கு.

பத்மாசினியைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் உருட்டினேன், அவள் இந்தத் தாளின் ஓரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். விவேகம் ஐந்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உங்கள் ஊர்க்காரிதான். நான் எதையும் மாற்றவில்லை.

பெயர் குறத்தி வேலம்மை. கையில் கத்திகூட இல்லை. முதல் குழியிலேயே விழுந்து சாவாள் போல இருக்கிறது, சாகட்டும்.

இப்போது எங்கே நிற்கிறாள், சொல்லு.

உன்
ராஜி