படிவத்தில் எழுதிய மொழி

பெப்ரவரி 12, வியாழன் இரவு.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இன்று காலை எதியோப்பியப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். திங்களன்று அவரைச் சேர்த்தபோது, படிவத்தில் மொழி என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று நேர்ஸ் ரஞ்சியக்காவிடம் கேட்டேன்.

"எதியோப்பியா எண்டால் அம்ஹாரிக்தானே. உதையே போடும்," என்றார். போட்டேன்.

நேற்று என் வேலை முடியும்வரை அந்தப் பெண்மணி "மாய், மாய்" என்றார். தொலைபேசியில் வந்த அம்ஹாரிக் மொழிபெயர்ப்பாளருக்கு அது விளங்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து, அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் கல்கரியிலிருந்து அவருடைய மகள் வந்தார். மொழியியல் படித்தவர். தாய் கடைசியாக என்ன சொன்னாரென்று கேட்டார். சொன்னேன்.

தங்கள் மொழி அம்ஹாரிக் அல்ல, திக்ரின்யா என்றார். அதுவும் அம்ஹாரிக்கும் ஒரே மூலமொழியின் பிள்ளைகளாம். அந்த மூலமொழி செங்கடலைக் கடந்து வந்ததா, அங்கேயே பிறந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்களாம். திக்ரின்யா வடக்குக் கிளை, அம்ஹாரிக் தெற்குக் கிளை.

"அவர்களுக்குத் தண்ணீர் வுஹா. எங்களுக்கு மாய்," என்றார். "அம்மா குடித்தாரா?"

குடித்தார் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.