கால் எட்டுகிற வண்டி

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும் மேலே போய் வந்தேன், வழக்கம்போல கியாந்தோவின் பின்சீட்டில். தங்கை புருஷன், நல்லவன்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வொனொசோபோவிலிருந்து டியெங் மேடு வரை என்னை ஏற்றிக்கொண்டு போகிறான். ஆனால் என் பெரியம்மா புடே சுமியா வீட்டு வாசலில் போய் நின்றால் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான். அந்த ஹெல்மெட்டைப் பார்த்ததுமே அங்கே வளரும் என் மகள் லிந்தாங்கின் முகம் மூடிக்கொள்ளும்.

இன்று அதிசயமாக அவளே வந்து அடுப்புப் பக்கத்தில் என்னருகே உட்கார்ந்தாள். பள்ளியில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்ல வாயெடுத்தாள். வெளியே ஹார்ன். "அக்கா, பனி எறங்குது! கெளம்பு, கெளம்பு!"

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். "போ, உன் வண்டி கூப்பிடுது" என்றாள்.

என் வண்டியா அது? என்னுடையதாக இருந்தால் அது ஏன் என்னைக் கூப்பிடப் போகிறது?

ஏப்ரல் 14

புடே போன் செய்தார். லிந்தாங் வாயைத் திறந்துவிட்டாளாம்.

மூன்று வயதில் காய்ச்சல் வந்து அவள் முடி சடை கட்டியது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாமாக முடி எடுக்கக் கூடாது. அதுவாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது ஒரு பொருள் கேட்கும், அதை அப்படியே கொடுக்க வேண்டும். இம்மி குறைந்தாலும் சடை திரும்பவும் முளைக்கும், காய்ச்சலும் கூடவே வரும். ஆடு கேட்கும் பிள்ளை உண்டு, ஐஸ்கிரீம் கேட்கும் பிள்ளையும் உண்டு. இவள் இத்தனை வருஷமாக எதுவுமே கேட்கவில்லை. ஜூலையில் பெரிய பள்ளிக்குப் போகப்போகிறாள், பன்னிரண்டு வயது. இந்தச் சடையோடு போக வெட்கமாக இருக்கிறதாம்.

"என்ன கேட்டா புடே?"

"சிரிக்காதே. அம்மா தானே வண்டி ஓட்டிக்கிட்டு வரணுமாம். இவளப் பின்னாடி உக்கார வச்சு ஏரி வரைக்கும் போகணுமாம். கூட ஒரு ஆளும் வரக்கூடாதாம். ஆடு கேப்பான்னு ரெண்டு ஆடு பாத்து வச்சிருந்தேன்டி நான்!"

நான் சிரிக்கவில்லை. லிந்தாங்கைப் புடேயிடம் விட்டுவிட்டுத் தைவானில் ஏழு வருஷம் ஒரு முதியவரின் சக்கர நாற்காலியைத் தள்ளினேன். நான் ஓட்டிய வண்டி அது ஒன்றுதான்.

ஏப்ரல் 16

விஷயத்தைச் சொன்னதும் கியாந்தோ என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அதற்கு வெகுநேரம் ஆகவில்லை.

"அக்கா, உனக்கு வண்டி வேணுமா, ஏணி வேணுமா?"

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சொல்லிவிட்டு அவனையே பழைய வண்டிக் கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அங்கே சிவப்பாக, உயரமாக ஒன்று நின்றது. மலைக்காட்டில் ஓட்டுகிற வகை. பெரிய சக்கரம், நீண்ட கழுத்து. கடைக்காரர் வகினோ தடுப்பதற்குள் ஏறிவிட்டேன். முடிவெட்டும் கடை நாற்காலியில் குழந்தையை உட்கார வைத்ததுபோல என் கால்கள் இரண்டும் தொங்கின.

"தங்கச்சி, எறங்கும்போது சொல்லு, ஆள் கூப்பிடுறேன்" என்றார் வகினோ.

எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள். எனக்குப் புளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அந்தச் சிவப்புதான் கண்ணில் நின்றது. அதில் நான் வந்து இறங்குவதையும், லிந்தாங் வாசலில் நின்று பார்ப்பதையும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குள்ளமான பொம்பளைக்கு மேட்டிக்தான் என்று ஊரே சொல்கிறது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. முறுக்கினால் போகும், பிடித்தால் நிற்கும். தங்கையின் மேட்டிக்கைப் பந்து மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிகின்றன. முப்பத்திமூன்று வயதில் சொந்தக் கையால் காற்றை முகத்தில் வாங்கினேன். கத்திவிட்டேன். ஆட்டுக்குட்டிகள் மிரண்டு ஓடின.

அப்பாடா, பிரச்சினை தீர்ந்தது.

மே 4, ஞாயிறு

தீரவில்லை.

ஒத்திகை பார்ப்போம் என்று பாதி மலை வரை ஓட்டினேன். கியாந்தோ பின்னால் அவன் வண்டியில். ஏறும்போது ராணி மாதிரி ஏறினேன். இறங்கும்போதுதான் வந்தது வினை. பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். முதலில் தீய்ந்த வாசனை. அப்புறம் பிடி தளர்ந்துபோனது. பிடிக்கிறேன், நிற்கல. பிடிக்கிறேன், நிற்கல! என்னா பண்றதுன்னே தெரியல. முட்டைக்கோஸ் பாத்தியில் விட்டேன். நிலத்துக்காரர் ஓடி வந்தார், திட்டுவார் என்று பார்த்தால், "மேட்டிக்கா? வருஷத்துக்கு ரெண்டு பேரு இப்படித்தான் என் கோஸ்ல வந்து விழுறாங்க" என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எனக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பின்சீட்டில் அவள் இருந்திருந்தால்? விட்டுவிட்டுப் போனது போதாதென்று பள்ளத்தில் வேறு தள்ளியிருப்பேனா?

இந்த இறக்கத்துக்கு கியர் வண்டிதான் வேண்டும், சின்ன கியரில் போட்டால் என்ஜினே இழுத்துப் பிடிக்கும் என்கிறான் கியாந்தோ. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மே 6

பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 11, ஞாயிறு

மேலே போனேன், பின்சீட்டில்தான். லிந்தாங் என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள். கிளம்பும்போது, "கஷ்டமா இருந்தா ஆடே கேக்கறேன்" என்றாள்.

"ஒரு தடவை கேட்டதை மாத்தக் கூடாது" என்றேன்.

"தெரியும்" என்றாள். நான் மாற்றச் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்கும் பயம் இருந்தது போலிருக்கிறது. எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அவளிடம் எதைச் செய்வதற்கும் முன்னால் அனுமதி கேட்க வேண்டும்போல எனக்குள் ஒரு தயக்கம்.

மே 17

டேங்க் வைத்த கிளட்ச் வண்டி இரண்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டிலும் நிற்கும்போது விழுந்தேன். ஓடுகிறவரை நான் குள்ளம் இல்லை, நின்றால்தான் குள்ளம். வண்டி நின்றதும் ஒரு பக்கம் சாயும், கால் தரையைத் தேடும், தரை எனக்கு ஒரு சாண் கீழே இருக்கும்.

வகினோ கடையின் மூலையில் வாத்து வண்டி என்று இங்கே சொல்கிற பழைய வகை ஒன்று நிற்கிறது. காலால் கியர் மாற்ற வேண்டும், கிளட்ச் கிடையாது, நடுவில் கால் நுழைத்து ஏறலாம். மங்கிய பச்சை. அதிலும் பெருவிரல் நுனிதான் தொடுகிறது. அது என்னைப் பார்த்தது, நான் சிவப்பைப் பார்த்தேன்.

மே 23

பழச்சாறு அடைக்கிற வேலை முடிந்து திரும்பும்போது சிக்னலில் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். நூறு வண்டி நின்றது. ஒருவராவது இரண்டு காலையும் ஊன்ற வேண்டுமே! தென்னைமரம் மாதிரி இருந்தவர்கூட இடது காலை மட்டும் ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்.

அப்போ ஒரு கால் போதுமா? இத்தனை நாள் இரண்டு காலுக்காகவா அழுதேன்?

மே 24

வகினோவிடம் கேட்டுப் பச்சையை எடுத்து ஓட்டினேன். நிற்கப்போகும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தினேன். பாதி பாதம் பதிந்தது. சீட்டின் பஞ்சைச் செதுக்கினால் முழுப் பாதமும் பதியும் என்றார். "ஆனா பலகையில உக்காந்த மாதிரி இருக்கும் தங்கச்சி." பரவாயில்லை, செதுக்குங்கள் என்றேன். முன்பக்கம் மட்டும். பின்பக்கப் பஞ்சைத் தொடவே கூடாது.

ஜூன் 5

எட்டுப் போடும் சோதனை. நடுவில் காலை ஊன்றிவிட்டேன், தோல்வி. கால் எட்டாமல் அழுத காலம் போய், எட்டியதால் அழுகிறேன்.

ஜூன் 19

எட்டுப் போட்டேன்! உரிமம் கிடைத்துவிட்டது. புகைப்படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன்.

ஜூன் 21

பச்சையை வாங்கிவிட்டேன். ஜாவா வருஷத்தின் முதல் மாதமான சூரோ பிறந்துவிட்டால் வண்டி வாங்கக் கூடாது. சடை எடுக்கவோ சூரோ பிறந்தாக வேண்டும். நடுவில் இந்த ஒரு வாரம்தான் கிடைத்தது. கடையை விட்டு வெளியே தள்ளும்போது சிவப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஆசை யாரை விட்டது! தங்கை பூத்தண்ணீர் தெளித்தாள். கியாந்தோ தடித்த அடி வைத்த பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தான். "இதுலயும் எட்டலன்னா சொல்லு, முக்காலி கட்டிடலாம்" என்றான். சொல்லிவிட்டுத் தானே செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் போன். புடே என்று நினைத்து எடுத்தேன். லிந்தாங். அவளாக எனக்கு போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"என்ன கலரு?"

"பச்சை. கொஞ்சம் மங்கினது."

"பின்னாடி பிடிச்சுக்க கம்பி இருக்கா?"

"இருக்கே."

"வேணாம். சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 25

பின்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கட்டிக்கொண்டு பழகினேன். நேர் ரோட்டில் சரி. சரிவில் நிறுத்தினால் மூட்டை என்னையும் சேர்த்து இழுக்கிறது. ஒரு காலால் தாங்க முடியவில்லை. கடைசியாக நான் அவளைத் தூக்கியபோது இடுப்பில் உட்கார்கிற எடை. இப்போது என்னைவிட ஒரு தலை உயரம். அப்பனைக் கொண்டிருக்கிறாள்; அவன் கலிமந்தானில் வேறு குடும்பத்தோடு இருந்தாலும் உயரத்தை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். சாய்த்துவிட்டால்? கேட்டதைக் கொடுக்காமல் போய்விட்டால்?

ஜூன் 29, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

தனியாகவே மேலே ஏறினேன். புடே வெளியே வந்து, எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார், யார் வருகிறார்கள் என்று. லிந்தாங்கும் பார்த்தாள்.

"யாரும் வரலயா?"

"வரல."

உருளைக்கிழங்கு வயலுக்குப் போடுகிற நீல ரப்பர் பூட்ஸோடு வந்து ஏறினாள். கம்பியைப் பிடிக்கவில்லை. என் சட்டையை இரண்டு விரலால் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் முழுக் கையால் பிடித்தாள். ஏரிக்குத் திரும்பும் சரிவில் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று குறுக்கே பின்பக்கமாக வந்தது. நிறுத்தினேன். இடப்பக்கம் ரோடு குழிந்திருந்தது. காலை விட்டேன், தரை இல்லை. இன்னும் விட்டேன், இல்லை. சாயுது, சாயுது, ஐயோ பிள்ளை—

சாயவில்லை. வண்டி நின்றது. குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு நீல பூட்ஸ், அந்தப் பக்கம் ஒரு நீல பூட்ஸ், முழுப் பாதமும் பதித்து.

"நான் ஊனிட்டேன்மா. நீ கியரப் பாரு."

இத்தனை நாளும் அவளை எடையாகத்தான் நினைத்துப் பயந்தேன். அவளுக்குக் கால் இருப்பது என் புத்தியில் ஏறவே இல்லை. ஏரி வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

புடேயும் ஊர்ப் பெரியவரும் வேறு வண்டியில் ஏரிக்கு வந்து முடி எடுத்தார்கள். பெரியவர் ஓதினார், புடே கத்தரித்தார், சடையை ஏரியில் விட்டோம். சின்னக் கழுத்து, வெளுத்த கழுத்து. அவள் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் பனி இறங்கத் தொடங்கியது. பனியில் இதுவரை ஓட்டியதில்லை. பயந்துபோய் ஹெல்மெட்டை எடுத்தேன். லிந்தாங் வாசலில் நின்றாள்.

"முன்னாடி சித்தப்பா கூப்பிட்டாரு, போனே. இப்ப யாரு கூப்பிடுறா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். நான்தான். நானேதான் கிளம்பி வந்தேன்.

ஜூலை 3

முடி போனது. கேட்டதையும் கொடுத்தாயிற்று. ஆனால் அவள் கேட்டது வண்டியையா? அந்தக் கேள்வி பழச்சாறு ஜாடி அடைக்கும்போதெல்லாம் கூடவே நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. மலைப்பாதையில் மண் சரிவு. போக முடியவில்லை. வண்டியைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை அவளுக்குப் பெரிய பள்ளி. சீருடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். அன்று விழுங்கிய அந்தச் சண்டைக் கதையை இன்று முழுதாகச் சொன்னாள். சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். சடையைப் பிடித்து இழுத்த பையனைச் சேற்றில் தள்ளியிருக்கிறாள். சொல்லி முடித்து அவள் எழுந்து போன பிறகும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததில் வெளியே பனியில் வெளுத்துவிட்டது கண்ணுக்குப் படவில்லை.

பதறி எழுந்து வாசலுக்கு ஓடினேன். வண்டி இல்லை. புடேயைக் கூப்பிட்டேன். அவர் அடுப்பைவிட்டு நகராமல், மோவாயால் முன்னறையைக் காட்டினார்.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே என் பச்சை வண்டி நின்றுகொண்டிருந்தது, வீட்டு வண்டிகளை இருட்டுமுன் உள்ளே ஏற்றுவதுபோல. செதுக்கிய சீட்டின்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. லிந்தாங் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பனி எறங்குதும்மா. சீட்டு நனையும்" என்றாள்.

என் ஹெல்மெட்டை எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. இதை மேலே இருந்துதான் எழுதுகிறேன்.