மண்ணாங்கட்டியின் இடம்

சாந்தோம் குப்பம்,
ஞாயிறு மாலை.

என் தங்க மகள் ஜெனிதாவுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவைக் கேட்கிறேன். உன் அம்மா ஜெயித்துவிட்டாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் பக்கத்தில் மீன் விற்கும் மண்ணாங்கட்டியோடு ஏழு வருஷமாக எனக்குப் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும், போன மாதம் அவள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். எட்டு நாள் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் அடுத்து உட்காருபவளுக்கு அது சொந்தம் என்பது எங்கள் மீன் வரிசையின் கட்டு. அவளுடையது பூவரச நிழல், நானோ வெயிலில் காய்கிறவள். "எஸ்தரு, கூடைய தள்ளிப் போடு, சும்மா வந்த எடம்" என்று எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும். ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அன்பைப் பற்றிப் பேசப் பேச என் கண்ணில் அந்த நிழல்தான் நின்றது, வெட்கமாகப் போய்விட்டது. அந்த இடம் போனால் அவள் அடுப்பு எரியாது, அதைத் தெரிந்தே பறித்துவிட்டு எந்த முகத்தோடு சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குவேன்?

மறுநாள் விடிந்ததும், பூவரசில் சாய்த்துக் கிடந்த அவள் பலகையை எடுத்து அவள் இடத்தில் போட்டு உட்கார்ந்தேன், என் இடத்தில் உங்கப்பாவை உட்கார வைத்தேன். ஆம்பிளை மீன் விற்கிறதா என்று வரிசையே சிரித்தது, மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விற்றார். நீ உட்கார்ந்தால் உன் இடம்தானே என்று மடக்கினார்கள், "மண்ணாங்கட்டிக்காக உக்காந்துகீறேன், எவ வந்து கேப்பா பாக்குறேன்" என்று எழுந்து நின்றேன், அவரவர் தங்கள் கூடைக்குத் திரும்பிவிட்டார்கள். மூன்று வாரம் அப்படியே ஓட்டினோம்.

நேற்று அவள் கம்பு ஊன்றி வந்தாள். இடம் போயிருக்கும் என்று நினைத்து வரிசைக் கடைசியில் வெயிலில் போய் நின்றாள். "அங்க இன்னாத்துக்கு நிக்கிற, உன் எடம் இங்க கீது, வா" என்று கத்தினேன். வரிசை முழுக்கக் கூடையை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டது ஜெனிதா, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உட்கார்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பலகையை ஓரமாக இழுத்து, "வா எஸ்தரு, ரெண்டு பேருக்கும் நெழலு கீது" என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. கூடத் தங்கியிருக்கும் பெண்ணோடு பேச்சில்லை என்று சொன்னாயே, இதை மடித்து வைத்த கையோடு போய் முதலில் நீ பேசு. மாதா உன்னைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
எஸ்தர் மரியசெல்வம்